கீழ்த்தாள்

என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில்தான் நானும் படித்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்களின் முகம் மலர்ந்துவிடும். இரண்டு தலைமுறை, ஒரே பள்ளிக்கூடம், எவ்வளவு அழகு என்பார்கள். அதில் அழகு ஒன்றும் இல்லை. நானும் கணவரும் மாறி மாறி வேலைக்குப் போன காலத்தில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு கொடுத்தவர் என் அப்பா. அப்பாவின் வீடு கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில். பள்ளிக்கூடம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம். வேறு வழி இருந்திருந்தால் அந்தக் கட்டடத்துக்குள் அவளை அனுப்பியிருக்கமாட்டேன்.

போன வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது நிறைந்தது. பெற்றோர் சந்திப்பு முடிந்து நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது துணைத் தலைமை ஆசிரியை வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், சுறுசுறுப்பானவர். பள்ளியின் வரலாற்றை ஒரு புத்தகமாகக் கொண்டுவருகிறார்களாம். என் மகளுக்குக் கணிதம் படிக்க நல்ல பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. நானோ கல்லூரி ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். தாயும் மகளும் பழைய மாணவிகள், இருவருக்கும் கணிதம். இதைவிட நல்ல கதை அவருக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

“ஒரே ஒரு பக்கம் எழுதித் தருவீர்களா?” என்று கேட்டார்.

“தருகிறேன்” என்றேன். கேட்டு வாய் மூடுமுன் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கொஞ்சம் திகைத்துப்போய்ச் சிரித்தார்.

அந்தப் பள்ளியின் வரலாறு எனக்கு ஏற்கெனவே பாடம். வந்த புதிதில் அதைத்தான் எங்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் அந்த இடம் லண்டனே இல்லை, சந்தையும் தேவாலயமும் உள்ள சின்னப் பட்டணம். பட்டணத்துப் பெரியவர்கள் சேர்ந்து ஆண்பிள்ளைகளுக்கு ஒரு செங்கல் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. யுத்தத்தில் குண்டு விழுந்து ஒரு பக்கம் இடிந்தது, திரும்பக் கட்டினார்கள். பின்னர் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதற்கிடையில் லண்டன் வீடு வீடாக வளர்ந்து வந்து பட்டணத்தை விழுங்கிவிட்டது. மண்டபத்துச் சுவரில் பெரிய மரப்பலகைகள் இருந்தன, பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்களின் பெயர்களைப் பொன் எழுத்தில் தாங்கிக்கொண்டு. கடைசிப் பலகையில் பாதி வெறுமையாக இருந்தது. எங்களைப்போன்ற பிள்ளைகள் வரத் தொடங்கிய காலத்தில் அதில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். யாராவது வேண்டுமென்று நிறுத்தினார்களா, அல்லது எழுதுகிறவர் ஓய்வுபெற்றுப் போனாரா, தெரியாது.

நான் அங்கே சேர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் அப்பா கணித ஆசிரியர். யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்து, பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்திலும் அவர் எனக்குக் கணிதம் சொல்லித்தருவதை விடவில்லை. லண்டனுக்கு வந்தபோது இருபடிச் சமன்பாடு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம்தான் இல்லை. வாசிக்கத் தெரியும். யாராவது வேகமாகப் பேசினால் எதுவும் பிடிபடாது.

கணிதத்துக்கு அங்கே பிள்ளைகளைத் திறமைப்படி வகுப்புகளாகப் பிரிப்பார்கள். எந்த வகுப்பில் என்னை இருத்துவது என்று பார்க்க அவர்கள் ஒரு கணக்குக்கூடத் தரவில்லை. ஆங்கிலம் தெரியாத பிள்ளை, கடைசி வகுப்பு. அவ்வளவுதான் தீர்மானம். அங்கே பிளாஸ்டிக் காசுகளை அடுக்கிக் கூட்டினோம். வட்டத்தில் கால்வாசிக்கு மஞ்சள் நிறம் தீட்டினோம். மணிக்கூடு பார்த்து நேரம் எழுதினோம். நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

அந்த வகுப்புக்கு வந்தவர்தான் கணிதப் பிரிவின் தலைவர். உயரமான மனிதர், கம்பளிச் சட்டை போட்டிருப்பார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் என்னை ஒருநாளும் ஏசியது கிடையாது. என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்ற ஒரே ஆசிரியர் அவர். மேசையின் இழுப்பு லாச்சியில் பிஸ்கற் வைத்திருப்பார். நான் வேலையை முடித்தால் ஒன்று தருவார். பிறகு என்னைக் குழப்படிகாரப் பையன்களுக்குப் பக்கத்தில் இருத்தி, “நீ இவர்களுக்கு உதவி செய், நீ என் உதவியாளர்” என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு பிள்ளை எல்லாக் கணக்கையும் பிழையில்லாமல் செய்து முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது. அதற்குப் பிஸ்கற் கொடுத்த மனிதனுக்கு, இந்தப் பிள்ளை ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்வி இரண்டு வருடமாக வரவேயில்லை.

லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் தொலைபேசியில் பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மகனும் என் வயது.

“அத்தான், பிள்ளை கணிதத்துக்கு எந்தத் தாள் எழுதுறாள்?” என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

“தாளோ? எல்லாருக்கும் ஒரு தாள்தானே?”

இல்லை. பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சையில் அப்போது கணிதத்துக்கு மூன்று தாள்கள் இருந்தன. மேல்தாள் எழுதுகிறவர்களுக்கு A கிடைக்கலாம். நடுத்தாள் எழுதினால் B வரை. கீழ்த்தாள் எழுதினால் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினாலும் D-க்கு மேல் தரமாட்டார்கள். C இல்லாதவர்களை அதற்கு மேல் கணிதம் படிக்க எங்கேயும் சேர்ப்பதில்லை. கடைசி வகுப்பில் இருப்பவர்களுக்குக் கீழ்த்தாள். எனக்கு இது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா அப்போது பெற்றோல் நிலையத்தில் வேலை. ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு, கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பாடம் முடிந்த பிறகு அந்த வகுப்பறையிலேயே ஆசிரியர் எங்களைச் சந்தித்தார். பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் அப்பா இருந்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“பிள்ளை, நான் கணித வாத்தியார் எண்டு முதல்ல சொல்லு.”

சொன்னேன். ஆசிரியர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். அங்கிருந்து வரும் பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள் என்றார்.

“உன்னை மேல்தாள் எழுத விடச் சொல்லிக் கேள். இப்பவே ஒரு தாளைத் தரட்டும். நான் வெளியில நிக்கிறன். நீ செய்து காட்டு.”

கேட்டேன். ஆசிரியர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. குழந்தையைச் சமாதானப்படுத்தும்போது சிரிப்பார்களே, அது.

“உன் அப்பாவிடம் சொல், கவலைப்படத் தேவையில்லை. நீ என் வகுப்பில் சந்தோஷமாக இருக்கிறாய். மேல்தாளில் கேள்விகள் நீளம், ஆங்கிலம் கடினம். எழுதித் தோற்றுப்போனால் கையில் ஒன்றுமே இருக்காது. உன் நன்மைக்காகத்தான்.”

நான் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். “பெயிலானா அது எங்கட பாடு. எழுத விடச் சொல்லு.”

பரீட்சை விண்ணப்பங்கள் போய்விட்டன, மேல் வகுப்பில் இடமும் இல்லை என்றார் ஆசிரியர்.

அப்பா கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப இவள் எல்லாக் கேள்வியும் சரியாச் செய்தா என்ன தருவினம் எண்டு கேள்” என்றார்.

“D” என்றார் ஆசிரியர்.

“இல்லை, நீ பிழையாக் கேட்டிட்டாய். எல்லாம் சரியாச் செய்தா எண்டு கேள். ஒரு பிழையும் இல்லாமல்.”

மீண்டும் கேட்டேன். மீண்டும் D என்றார். அப்பாவுக்கு அந்த எழுத்தை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. எழுந்து, ஆசிரியருக்குக் கை கொடுத்து, “தாங்க்யூ சேர்” என்று சொன்னார். அந்த வகுப்பறையில் அவர் பேசிய ஒரே ஆங்கிலம் அதுதான்.

பஸ் தரிப்பில் நின்றபோது, “அங்க குண்டு போட்டவங்கள். அது குண்டு எண்டு எங்களுக்கு விளங்கினது. இது என்னெண்டு எனக்கு விளங்கேல்லை, பிள்ளை” என்றார். 

பரீட்சையில் கீழ்த்தாளைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு மற்றப் பிள்ளைகளின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு D வந்தது. முடிவு வந்த நாளில் ஆசிரியர் மண்டபத்தில் என்னைத் தேடி வந்து, “வகுப்பிலேயே முதலாவது!” என்று கை குலுக்கினார். அருகில் மேல்தாள் எழுதிய பையன்கள் A எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். 

பிறகு நடந்தது நீண்ட கதை. சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் சுவாரசியம் இல்லை. கல்லூரியில் திரும்ப எழுதப் போனேன். என்னிடம் D இருந்ததால் அவர்களும் என்னை நடுத்தாளுக்குத்தான் சேர்த்தார்கள். அதற்குள் அம்மா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். அப்டன் பார்க் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குப் போனேன். கல்யாணம், பிள்ளை. முப்பது வயது தாண்டிய பிறகுதான் பகுதிநேரமாகப் பட்டம் படித்து முடித்தேன். பாலம் கட்டுகிற பொறியியலாளராக வரவேண்டும் என்பது சின்ன வயது ஆசை. இன்று கணிதத்தில் தவறிப்போய்த் திரும்ப எழுதும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இதை ஒரு வெற்றிக் கதை என்று சொல்கிறவர்கள் என் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும்.

மகள் அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு பெற்றோர் சந்திப்பிலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். “எந்தத் தாள்?” இப்போது தாள்கள் இரண்டுதான், எழுத்துக்குப் பதிலாக எண்கள் வந்துவிட்டன, ஆனால் இதற்கு மேல் போகமுடியாது என்று கீழ்த்தாளுக்கு ஒரு கூரை இன்றைக்கும் இருக்கிறது. ஆசிரியர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மகள் மேசைக்கடியில் என் காலை இடிப்பாள்.

ஆகவே துணைத் தலைமை ஆசிரியை கேட்ட அந்த ஒரு பக்கத்தில் இதை எல்லாம் எழுதினேன். ஆசிரியரின் பெயரைப் போடவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. என்ன நடந்ததோ அது. பிஸ்கற்றைக்கூட எழுதினேன், அவருக்கு அநியாயம் செய்யக்கூடாது என்று.

ஒரு வாரம் கழித்துத் துணைத் தலைமை ஆசிரியை என்னை அழைத்தார். அவருடைய அறையில் தேநீர் தந்தார். மிக நன்றாக எழுதியிருக்கிறேனாம், அவருக்குக் கண் கலங்கியதாம்.

“ஆனால் இது கொண்டாட்டப் புத்தகம். தொனி கொஞ்சம்…” என்று இழுத்தார்.

“தொனிக்கு என்ன?”

“வாசிக்கிறவர்களுக்குக் குற்றம் சாட்டுவதுபோலத் தோன்றலாம். அவரை யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்தான் விழாவுக்குப் பிரதம விருந்தினர். புதிய கணிதக் கூடத்துக்கு அவருடைய பெயரை வைக்கிறோம்.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். “அப்படியென்றால் போடாதீர்கள். மாற்றமட்டும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்று பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இட்ஸ் நொட் தட் டீப்” என்றாள். அவள் வயதுப் பிள்ளைகள் எதற்கும் சொல்வது, இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்று. “உங்களுக்கு நடந்தது சரியில்லை, ஓகே. பட் எனக்கு அவை எல்லாரும் நல்ல மாதிரி. லாஸ்ட் டேர்ம். ப்ளீஸ் அம்மா, சண்டை பிடிக்காதேங்கோ.”

“நான் சண்டை பிடிக்கேல்லை. கேட்டவை, எழுதினன்.”

“கேட்டது இதையில்லை, அம்மா.”

அவள் சொன்னது உண்மைதான். கேட்டது இதையில்லை.

விழாவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மகளுக்குப் பரிசு இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். “பேத்திக்கு வேற இடத்தில பரிசு குடுத்தா வாறன். அந்தக் கேற்றுக்குள்ள நான் வரமாட்டன்” என்று சொல்லிவிட்டார்.

மண்டபத்து வாசலில் புத்தகத்தை அடுக்கிவைத்திருந்தார்கள். புரட்டினேன். மகளின் படத்துக்குப் பக்கத்தில், பெற்றோர் சந்திப்பில் யாரோ எடுத்த என் படம். கீழே, ஒரு வார்த்தை ஆங்கிலமும் இல்லாமல் வந்த சிறுமி இந்தப் பள்ளியில்தான் கணிதத்தின் மீது காதல்கொண்டாள், அந்தச் சுடரை மகளுக்கும் கொடுத்தாள் என்று போட்டிருந்தது. நான் எழுதிய பக்கத்திலிருந்து ஒரு சொல்கூட அதில் இல்லை, ஆனால் என்னைச் சும்மாவும் விடவில்லை. நான் கணிதத்தின் மீது காதல்கொண்டது அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், அப்பாவிடம். அதையும் எடுத்துத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

பரிசளிப்பு முடிந்ததும் துணைத் தலைமை ஆசிரியையே எங்கள் இருவரையும் அந்தப் பழைய ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனார். படம் எடுக்க வேண்டுமாம். அவர் கைத்தடியை ஊன்றி நின்றார். நன்றாக மெலிந்துபோயிருந்தார். கண்கள் அதே கண்கள், கருணையான கண்கள்.

“உங்கள் ஆட்கள் எல்லோரும் கணிதத்தில் புலிகள்” என்றார் மகளிடம். “நான் படிப்பிக்கத் தேவையே இருக்கவில்லை.”

“நீங்கள் என்னைக் கடைசி வகுப்பில் இருத்தினீர்கள்” என்றேன்.

“அப்படியா?” உண்மையிலேயே வியப்போடு கேட்டார். பிறகு என் மகளைக் காட்டி, “பரவாயில்லை, உங்களுக்கு ஒரு கெடுதியும் வரவில்லையே” என்று சிரித்தார்.

“என் அப்பா உங்களைப் பார்க்க வந்தார். என்னை மேல்தாள் எழுத விடச் சொல்லிக் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.”

அவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. “ஓ, அந்தத் தகப்பனா! நினைவிருக்கிறது. கோட்டுப் போட்டவர். பயங்கரக் கோபக்காரர். என்னோடு என்ன கத்தல் கத்தினார்! நான் கொஞ்சம் பயந்தே போய்விட்டேன்.”

“அவர் கத்தவில்லை” என்றேன்.

“கத்தினார், கத்தினார். பாவம், அவருக்கும் எவ்வளவு கஷ்டம் இருந்திருக்கும். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.”

“ஐயா, அவர் உங்களுக்குக் கை கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.”

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துணைத் தலைமை ஆசிரியை என் முழங்கையைத் தொட்டார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, மெல்லத் தலையாட்டினார், தகப்பனைப்போலவே மகள் என்பது மாதிரி. என்னை மன்னித்துவிட்டார், அப்பாவை எப்போதோ மன்னித்ததுபோல. அதற்குள் யாரோ வந்து அவரைப் பெயர்ப்பலகை திறக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். கைதட்டல் கேட்டது. நான் வெளியே வந்துவிட்டேன்.

காரில் மகள் பரிசை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “அம்மப்பா உண்மையாக் கத்தினவரோ?” என்று கேட்டாள்.

“நீ அம்மப்பாவோட இத்தனை வருஷம் வளர்ந்தனி. அவர் கத்தி எப்பவாவது கேட்டிருக்கிறியோ?”

“இல்லை.” யன்னலைப் பார்த்தபடி சொன்னாள். “பட் அவருக்கும் வயசு போட்டுது அம்மா. அவர் வேணுமெண்டு பொய் சொல்லேல்லை.”

அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. பொய் சொல்லியிருந்தால் ஒரு பொய்யன் என்று விட்டுவிடலாம். அவர் அதை நம்புகிறார். இத்தனை வருடமாக, தன்மீது பாய்ந்த ஒரு மனிதனைப் பொறுமையோடு சமாளித்த நல்லாசிரியராகத் தன்னை நினைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கியிருக்கிறார்.

மறுநாள் அப்பாவிடம் போனபோது நான் ஒன்றும் சொல்வதாக இருக்கவில்லை. ஆனால் மகள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் கத்தினனாமே?”

“ஓம் அப்பா. அவருக்கு வயசு போட்டுது.”

அந்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்டைக்குப் பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். கத்தினா உன்னை இன்னும் கீழ விட்டிடுவாங்கள் எண்டு பயம்” என்றார். “மரியாதையா இருந்தும் கத்தினன் எண்டுதான் அவன்ரை மனசில நிக்குது. அப்ப கத்தியே இருக்கலாம், பிள்ளை.”

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் ஆட்டத்தின் சத்தத்தைக் கூட்டினார்.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், கணிதம் கஷ்டம் என்கிறாள், சந்தோஷமாகவும் இருக்கிறாள். புதிய கூடத்தின் வாசலில் அவர் பெயர் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது தெரியும். போன மாதம் பள்ளியிலிருந்து அழைத்திருந்தார்கள். புதிதாக நாட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கமாக நான் வந்து பத்து நிமிடம் பேச முடியுமா என்று. வருகிறேன், அந்தப் பிள்ளைகள் எந்தத் தாள் எழுதுகிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்றேன். விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் அழைக்கவில்லை.